இடப்பக்கம் ரஹீமா இல்லை

கல்லூரிச் சேர்ந்திசைக் குழுவில் நீண்ட சுரத்தை யாரும் தனியாக இழுப்பதில்லை. எனக்கு மூச்சு முட்டினால் இடப்பக்கம் நிற்கும் நாகூர் ரஹீமாவைப் பார்ப்பேன். நான் மூச்சு வாங்கும்வரை அவள் இழுத்துக்கொண்டிருப்பாள். கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

படிப்பு முடிந்து மெல்லிசைக் குழு ஒன்றில் கோரஸ் பாடினேன். தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் முதல் தனிப்பாடல். சொதப்பினால் மறுபடி கோரஸ்தான் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

பாட்டின் உச்சத்தில், வாத்தியங்கள் நின்று குரல் மட்டும் இழுக்கும் இடத்தில் மூச்சு முட்டியது. பழக்க தோஷம், பாடுவதை நிறுத்திவிட்டு நிம்மதியாக இடப்பக்கம் திரும்பினேன். அங்கே டிரம்ஸ் வாசிக்கும் செல்வம் அண்ணன் திருதிருவென விழித்தார். மண்டபமே அமைதி. பந்தியில் யாரோ சாம்பார் கேட்டது மேடைவரை கேட்டது. நான் சைகை காட்டுவதாக நினைத்து அண்ணன் டிரம்ஸை வெளுத்து வாங்கினார். அதற்குள் மூச்சு வந்துவிட, விட்ட இடத்தில் பிடித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது.

“அந்த கேப் பிரமாதம்மா. இனிமே எல்லா மேடையிலயும் வைங்க,” என்றார் தலைவர். இன்று என்னை அழைப்பவர்கள் அதைத்தான் கேட்டு அழைக்கிறார்கள்.

துபாயில் இருக்கும் ரஹீமாவிடம் போனில் சொன்னேன். “உனக்காக நான் இழுத்தப்பல்லாம் ஒருத்தரும் கை தட்டல. நான் இல்லாதப்பதான்டி தட்டுறாங்க,” என்றாள்.

இன்றும் இடப்பக்கம்தான் திரும்புகிறேன். தன்னைத்தான் பார்க்கிறேன் என்று செல்வம் அண்ணன் நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.