இரண்டு திறப்புள்ள குசினி அலுமாரி

மாமிக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. இனியும் இழுத்தடித்தால் பார்வை அடியோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரிக் கண் டொக்டர் சொல்லி, ஒப்பரேசனுக்கு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார். ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு மாதம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அடுப்புப் புகை கண்ணில் படக்கூடாது. லிங்கநகரில் தனியாக இருக்கிற ஒரு மனுஷிக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? எங்கள் வீட்டுக்கு வந்து இருந்தால்தான் உண்டு. ஆனால் மாமி எங்கள் வீட்டில் ஒரு வாய் சோறு தின்று அறியாதவர்.

மாமா காலமான நாளிலிருந்து மாமி மச்சம் தொடுவதில்லை. மீன், இறைச்சி மட்டுமல்ல, அவை காய்ச்சிய சட்டியோடு சேர்த்து வைத்த சட்டியில் ஆக்கிய சோறும் அவருக்கு ஆகாது. என் வீட்டிலோ மீன் இல்லாமல் ஒரு நாள் போகாது. வெள்ளிக்கிழமை விரதத்துக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தேன்தான். ஆனால் அதுவும் மேசைக்கடியில் மீன்சட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கும். மாமி அதைக் கண்ணால் கண்டவர். அதனால் கலியாணம் முடித்த ஆறு வருஷமும் அவர் வருவார், விறாந்தைக் கதிரையில் இருப்பார், கொண்டுவந்த செம்பில் தண்ணீர் குடிப்பார், போவார். நடந்து வரும் தூரத்தில் இருந்துகொண்டு இப்படி. எனக்கு அவரில் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. என் கையால் ஆக்கிய சோற்றை அவர் ஒருநாளாவது தின்னவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் என் கணவர் வேலையால் வந்து, சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார்.

"அம்மா வர ஓமெண்டிட்டா. ஆனா ஒரு கதை சொன்னவ."

"என்ன கதை?"

"என்ர சட்டி பானைக்குத் தனியா ஒரு இடம் இருந்தா வாறன். இல்லாட்டி இந்தக் கண்ணே எனக்கு வேண்டாமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டிக்காகக் கண்ணை விடுற ஆக்களும் உலகத்தில இருக்கினமோ?" என்று கத்தினேன். கத்தி முடிந்ததும் பயம் பிடித்தது. மாமி சொன்னால் சொன்னதுதான். அவருக்குக் கண் போனால் ஊர் என் குசினியைத்தான் சொல்லும். ஊரை விடுங்கள், நானே சொல்லுவேன். ஒப்பரேசனுக்குப் பத்து நாள் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. வெளிநாட்டுச் சாமான் வந்து கடைகளில் குவியத் தொடங்கியிருந்த காலம். அதுவரை அலுமாரி என்றால் தச்சரிடம் சொல்லி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான். இப்போது கண்ணாடி போட்ட பெரிய கடைகளில் அலுமாரிகள் வரிசையாக நின்றன. கொப்பியில் ஒற்றைத் தாள் கிழித்து, வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டு கடை கடையாக ஏறினேன்.

முதலில் அரசாங்கக் கடை. தனி மரத்தில் செய்த அலுமாரி, தட்டினால் கல்லைத் தட்டுவதுபோல இருந்தது. ஆனால் எங்கள் குசினி வாசலால் அதைக் கொண்டுபோக வேண்டுமென்றால் சுவரை இடிக்கவேண்டும். அதோடு பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது, பிரதான வீதியில் இருந்த மாடிக் கடை. அங்கே நான் தேடியதே நின்றது. வெள்ளை அலுமாரி, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பலகை, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. விலையும் எங்களுக்குக் கொஞ்சம் இழுபறிப்பட்டால் எட்டக்கூடியதுதான். ஆனால் அது விற்றாகிவிட்டதாம். அடுத்தது கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை செல்லும் என்றார்கள். மூன்று கிழமையில் மாமியின் ஒப்பரேசன் நாள் போய்விடும். அந்த வெள்ளைக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது கடை துறைமுகத்துக்குப் போகிற வழியில். அன்று என் கணவரும் கூட வந்திருந்தார். மற்ற இரண்டையும்விட மலிவு. அங்கே நின்ற பச்சை அலுமாரியை நான் சோதித்ததுபோல யாரும் பெண்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். விரலை எச்சிலில் தொட்டுப் பலகை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். அமத்திய மரத்தூள் பலகை என்றால் எங்கள் உப்புக் காற்றுக்குத் தேத்தண்ணீரில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிவிடும். இது அப்படியில்லை. காலைப் பார்த்தேன், இரும்பு. எறும்புக்குத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் காலை நிறுத்தினாலும் பழுதில்லை. லாச்சியை இழுத்து இழுத்துத் தள்ளினேன். பூட்டு இரண்டு, பூட்டுக்குத் திறப்பும் இரண்டு. கடையில் விற்க நின்றவர், கிண்ணியாப் பக்கத்து மனிதர், நடுவயது, பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வடிவாப் பாருங்க தங்கச்சி. நாளைக்குக் காலையிலயே லொறியில ஏத்திவிடலாம்."

வலப்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே மேல்தட்டுவரை கண்ணாடிக் கோப்பைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இடப்பக்கத் திறப்பு முதலாளியிடம், முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார்.

"அவர் வரட்டும், மற்றப் பக்கத்தையும் பாத்திட்டு எடுப்பம்," என்றார் என் கணவர்.

"ரெண்டு பூட்டு இருக்குதே, இன்னும் என்ன பாக்க?" என்றேன் நான்.

இரண்டு பூட்டு என்றால் இரண்டு அறை. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மச்சச் சட்டியையும் மரக்கறிச் சட்டியையும் பிரித்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறெப்படி நினைக்க வரும்? விற்க நின்றவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்லவேண்டி வரும், என் வீட்டில் என் மாமி சாப்பிடுவதில்லை என்பது வெளியே வரும். வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு காசைக் கட்டினேன்.

மறுநாள் காலையில் லொறி வரவில்லை. மத்தியானம் மாமிதான் வந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும் என்று, என் கணவர் கார் பிடித்துப் போய்க் கூட்டிவந்திருந்தார். விறாந்தைக் கதிரையில், வெள்ளைத் துணியில் கட்டிய சட்டி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கீழே வைக்கவில்லை. வைக்க இடம் எங்கே என்று கேட்கவுமில்லை. நான் வாசற் படலைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வேலியோரம், எங்கள் ஊர் வீதிகளில் திரியும் மான் இரண்டு நின்று வாழைத்தோல் தின்றன, அவற்றைக்கூடத் துரத்த மனம் வரவில்லை.

பின்னேரம் லொறி வந்தது. அலுமாரியை இறக்கிச் சுவரோடு நிறுத்திவிட்டு ஆட்கள் போனார்கள். நான் வலப்பக்கக் கதவைத் திறந்தேன். இப்போது உள்ளே பெட்டிகள் இல்லை. ஒரு நீட்டுக்கு, அந்தத் தொங்கல்வரை, வெறும் தட்டு. நடுவில் பலகை என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு கதவுக்கும் பின்னால் ஒரே அறை.

இடப்பக்கக் கதவையும் திறந்து பார்த்தேன்.

விறாந்தையிலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, என்ர பக்கம் எது?"

"வலப்பக்கம் மாமி," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நடுவில பலகை அடிச்ச தனி அறை," என்றும் சொன்னேன்.

என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"ஒப்பரேசன் முடியட்டும். கண் தெரியாத மனுசிக்கு எப்பிடித் தெரியப் போகுது?"

அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அரிசித் தகரத்தையும் மாத் தகரத்தையும் நடுவில் அடுக்கி ஒரு மறைப்புக் கட்டினேன். மாமி சுவரைத் தடவித் தடவி வந்து, தன் சட்டிகளை ஒவ்வொன்றாக வலப்பக்கத்தில் வைத்துப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். அன்று இரவு அவர் சட்டியில் நான் ஆக்கிய சோற்றையும் பருப்பையும் தின்றார். "உப்பு அளவா இருக்கு," என்றார். ஆறு வருஷம் நான் காத்திருந்த சொல் அது. பின்வளவுக்குப் போய் அழுதேன், அது சந்தோஷமா குற்றமா என்று எனக்கே விளங்கவில்லை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணில் கட்டோடுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான்தான் ஊட்டினேன். கரண்டி கிட்டப் போனதும் வாயைத் திறப்பார், என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. என் நாலு வயது மகள் மீன் இல்லாமல் சோற்றைத் தொடமாட்டாள் என்று அறிந்து, "பிள்ளைக்குக் காய்ச்சிக் குடு, என்ர பக்கம் தனியா இருந்தாக் காணும்," என்று மாமியே சொன்னார். நானும் காய்ச்சினேன். முதல் கிழமை மீன்சட்டியைச் சாம்பலும் புளியும் போட்டு நாலுதரம் தேய்த்தேன். தகரங்களுக்கிடையில் மட்டை வெட்டி நிறுத்தினேன், ஈரத்தில் அது மூன்றாம் நாளே சரிந்தது. இரண்டாம் கிழமை இரண்டுதரம் தேய்த்தேன். பிறகு பொய் பழகிப்போனது.

ஒருநாள் மாமி மூக்கைச் சுழித்தார். "மீன் மணக்குது பிள்ளை."

"கடற்காத்து மாமி."

அவர் தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொருமுறையும் கண் நல்லாக வருகிறது என்று டொக்டர் சொல்லுவார். மாமி கும்பிடுவார். நான் மனதுக்குள் நாளை எண்ணுவேன். அவர் பார்க்கும் நாள்தான் நான் பிடிபடும் நாள். அதற்கு முன்னம் ஒரு தச்சரைக் கூப்பிடலாமே என்றால், மாமி எந்நேரமும் வீட்டில். சுத்தியல் சத்தத்துக்கு என்ன விளக்கம் சொல்ல?

தடித்த கண்ணாடி வந்தது. அதை ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொண்டு, வழியெல்லாம் கடலையும் வள்ளங்களையும் கடைப் பலகைகளையும் பார்த்துப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி வாசித்துக்கொண்டு வந்தார். வீட்டுப் படியேறியதும் என் முகத்தைக் கையால் பிடித்துத் திருப்பினார். "உன்னை இப்பதான் வடிவாப் பாக்கிறன் பிள்ளை. நல்லா மெலிஞ்சு போனாய். இண்டைக்கு நான் சமைச்சுத் தாறன்," என்றார். என் இடுப்பிலிருந்த திறப்பைத் தானே எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அரிசித் தகரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது தகரம் எடுத்த இடைவெளியில் மீன்சட்டி தெரிந்தது. விளிம்பில் ஒரு செதில் ஒட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்ப தொடக்கம்?"

"நீங்கள் வந்த நாளிலயிருந்து மாமி."

"ஏன் பிள்ளை சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் திரும்பிப் போயிருப்பியள். கண் போயிருக்கும்."

மாமி கதிரையில் இருந்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"நான் ஏன் போறன்? தச்சனைக் கூப்பிடு, ஒரு பலகை அடிக்கட்டும் எண்டு சொல்லியிருப்பன். அதுவரைக்கும் பாலும் பழமும் எனக்குக் காணும். ஒரு பலகை அடிக்க எவ்வளவு நேரம் பிள்ளை?"

நாள்கணக்கில் கடை கடையாக ஏறி, விளிம்பும் காலும் பூட்டும் பார்த்த எனக்கு, அந்த மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. அவர் பிடிவாதம் பிடிப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அன்று பின்னேரமே மாமி தன் சட்டிகளை அதே வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு லிங்கநகருக்குப் போனார். மகன் எவ்வளவோ மறித்துப் பார்த்தார், ஏலாமல் போனது. மறுநாள் தச்சர் வந்தார். உலையில் போட்ட அரிசி வேகுமுன் பலகையை அடித்து முடித்துவிட்டார்.

சொல்லியனுப்பினேன். மாமி வந்தார். இரண்டு கதவையும் திறக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அங்கால் பக்கம் போயும் பார்த்தார். "நல்ல வடிவா அடிச்சிருக்கு," என்றார். விறாந்தைக்கு வந்து, தான் கொண்டுவந்த செம்பில் தண்ணீர் குடித்தார்.

வலப்பக்கத்தைப் பல வருஷம் வெறுமையாகவே வைத்திருந்தேன். மாமி வருவார், போவார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார், என்னோடு அன்பாகவே கதைப்பார். என் வீட்டில் மட்டும் பிறகு சாப்பிடவில்லை. என்னை நம்பி அவர் வாயைத் திறந்தது, கண்ணில் கட்டோடு இருந்த அந்த நாட்களில் மட்டும்தான்.