கொண்டுவர மறந்த ஒரு பெயர்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக ஊரார் ரத்தத்தைக் குழாயில் வாங்கி, பெயர் ஒட்டி, அடுக்கி வைக்கிற வேலை. ஒரு குழாயில்கூடப் பெயர் மாறியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவள் தங்கை, புருஷனின் அடி தாங்காமல், ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்கா வேலை மாறி இந்த ஊருக்கு வந்தது அவனுக்குத் தெரியாது. எங்கே போனாலும் தேடி வந்து கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள்.

ஜன்னலில் வந்து உட்காரும் பறவைகளைப் படம் பிடித்துப் போடுவது அக்காவின் பொழுதுபோக்கு. போட்டுக்கொண்டிருந்தது ஒரு பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில். அவனை அங்கே எப்போதோ பிளாக் செய்துவிட்டாள். ஆனாலும் அந்தத் தளம் வாரம் தவறாமல் அவனுடைய அண்ணனையும் சித்தப்பாவையும் கொண்டுவந்து நிறுத்தி, ‘இவரைத் தெரியுமா?’ என்று கேட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்க குடும்பத்தைச் சேர்த்து வைக்க இவனுங்க யாரு, கல்யாண புரோக்கரா?” என்று கூட வேலை பார்க்கும் எக்ஸ்ரே அண்ணனிடம் பொரிந்து தள்ளினாள்.

அவர் தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு சின்னத் தளம் நடத்திவந்தார். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது. இப்படி ஆளாளுக்கு நடத்தும் ஆயிரக்கணக்கான தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்; ஒன்றில் போடுவதை மற்றதில் இருப்பவர்களும் பார்க்கலாம்.

“நம்மகிட்ட வந்துடும்மா. மொத்தமே அறுபது பேருதான்.”

அவள் காதில் விழுந்தது அந்த அறுபது மட்டும்தான். ஒரு ஞாயிறு காலையில் உட்கார்ந்து அங்கே கணக்கு தொடங்கி, பழைய சிநேகிதர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்தாள். அந்த மும்முரத்தில், தடுக்க வேண்டிய ஒருவன் நினைவுக்கே வரவில்லை. அங்கே செய்த பிளாக் தானாக இங்கேயும் வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அதெல்லாம் வராது. அறுபது பேர்தானே என்ற தைரியத்தில் முன்பு போடாததையும் போட்டாள்: ஜன்னலுக்கு எதிரே தங்கை மகள் படிக்கும் பள்ளியின் பெயர்ப்பலகை, பறவைக்குத் தானியம் வைக்கும் அவளுடைய சின்னக் கை.

போன செவ்வாய் மதியம், சாப்பாட்டு வேளையில் போன் அதிர்ந்தது. முகமில்லாத ஒரு கணக்கு அவள் படத்துக்கு லைக் போட்டிருந்தது. பிறகு அடுத்த படத்துக்கு. முதலிலிருந்து வரிசையாக, நிதானமாக. சின்னக் கை இருந்த படத்தின் கீழே மட்டும் எழுதியிருந்தது: ‘வளர்ந்துட்டா.’

சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு எக்ஸ்ரே அறைக்கு ஓடினாள்.

“வேற தளத்து ஆளும்மா. இங்க பிளாக் பண்ணிடறேன்.”

“படத்தையெல்லாம் அழிச்சிட்டா?”

“நம்ம கம்ப்யூட்டர்ல போயிடும். அங்க ஏற்கெனவே நகல் போயிருக்கு. அழிங்கன்னு சொல்லலாம். அழிக்கிறது அவங்க இஷ்டம்.”

“அதை நடத்துறவங்ககிட்ட பேசுங்கண்ணே!”

அவர் அந்தத் தளத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். “நடத்துறதே இந்த ஆள்தாம்மா. அதுல இருக்கிறதும் இவன் ஒருத்தன்தான்.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சொல்லி முடிக்கும்வரை தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, மகளின் துணிகளை அள்ளிப் போட்டாள். பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

“நானும் வர்றேன்டி. எங்க போறோம்?”

தங்கை பையை மூடித் தோளில் மாட்டினாள்.

“உன்கிட்ட சொல்ல மாட்டேன்க்கா.”