மலைக்கு வந்த தொலைநோக்கி

கிளாவரைப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியை. எங்கள் அரசுப் பள்ளியில் விண்வெளி ஆய்வுக்கூடம் அமைக்க அரசாங்கம் நிதி கொடுத்தபோது நானே நம்பவில்லை. பஸ்ஸே ஒழுங்காக வராத ஊரில் தொலைநோக்கி வந்திறங்கியது! கூடத்தை நன்றாக வைத்திருந்தால்தான் மறுவருட நிதி. பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி ராக்கெட் பொறியியல் பயிற்சிக்குத் தேர்வெழுதி இடம் வாங்கியிருந்தாள். அவளை அனுப்பும் செலவும் அந்த நிதியில்தான்.

அடைமழைக்குப் பள்ளியை மூடினார்கள். கூடத்துச் சாவியை அந்த மாணவியின் அப்பாவிடம் கொடுத்தேன். பூண்டு விவசாயி, பள்ளிக்குப் பக்கத்து வீடு.

"ஈரம் மட்டும் ஏறவிட்டுறாதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஒரே புகை நெடி. அந்த மலையில் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை காட்டித்தான் கெடாமல் வைப்பார்கள். மனிதர் அதே பக்குவத்தைத் தொலைநோக்கிக்கும் செய்திருந்தார். உள்ளேயும் புகை போகட்டும் என்று மூடியைக் கழற்றி வேறு வைத்திருந்தார். கண்ணாடி முழுக்கப் பிசுபிசுவென்று கரி. துடைக்கத் துடைக்கக் கீறல்தான் விழுந்தது.

"தெனமும் வெள்ளனே வந்து மூட்டம் போட்டுருவேன் டீச்சர். பொட்டு ஈரம் கெடையாது," என்றார், வாசலில் நின்றபடி பெருமையாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கன்னாபின்னாவென்று கத்தியிருப்பேன். கூட வந்திருந்த மகள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவ்வளவுதான். இனி நிதி கிடையாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவளுடைய இடமும் அதோடு போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன்.

"எதனால போச்சுன்னு எங்கப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க டீச்சர். தாங்க மாட்டாரு," என்றாள்.

மறுநாள் டீக்கடையில், மகளை ஏன் பயிற்சிக்கு அனுப்பவில்லை என்று அவள் அப்பாவே கேட்டார். "அரசாங்கத்துல இந்த வருசம் நிதி இல்லையாம்ணே," என்றேன்.

அவர் டம்ளரை ணங்கென்று வைத்தார். "பிள்ளைக படிக்கக் குடுக்க அம்புட்டுப் பெரிய கவர்மெண்டுகிட்ட இல்லையாக்கும்! நாம என்ன டீச்சர் கொறை வச்சோம்? எம்புட்டுப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன்!"

"ஆமாண்ணே," என்றேன். டீயைக் குடிக்க முடியவில்லை.