அத்தை மேடை ஏறிய நாள்

முதலில் எங்களைப் பயப்படச் சொன்னார்கள். அப்போது மேடையில் ஒருவரும் இல்லை. நான்கு மூலையிலும் கம்பம் நட்டு, கயிறு கட்டி, வெள்ளைத் துணி இழுத்துப் போர்த்திய மல்யுத்த மேடை வெறுமனே கிடந்தது. காதில் கருவி மாட்டிய ஓர் ஆள் எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, "இப்ப பெரிய அடி விழுந்துடுச்சுன்னு நெனச்சுக்கோங்க, எல்லாரும் வாயில கை வைங்க" என்றார். கேமரா எங்கள் முகங்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்து சிரிக்கச் சொன்னார்கள், எழுந்து நின்று கத்தச் சொன்னார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் சொன்னபடியெல்லாம் செய்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்குத்தான் பயப்பட வரவில்லை. வாயில் கையை வைத்ததுமே சிரிப்பு பீறிட்டது. "அம்மா, கொஞ்சம் சீரியஸா இருங்கம்மா" என்று அந்த ஆள் கெஞ்சினார். "இன்னாத்துக்குப்பா பயப்படறது, அங்க ஒண்ணுமே இல்லியே" என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவள். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் வீடு. மாமா போய்ச் சேர்ந்தபோது அவளுடைய ஒரே மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நெய்கிறவர் ஒருவர், ஓரத்தில் இருந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுகிறவர் ஒருவர். அந்த ஓரத்து வேலையைப் பக்கத்து வீட்டுத் தறியில் செய்துதான் அத்தை மகனை வளர்த்தாள். வாரம் முழுக்க உழைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அது டிவியில் மல்யுத்தம் வருகிற நேரம். வெளிநாட்டு மல்லர்களின் பெயர் ஒன்றும் அவள் வாயில் நுழையாது. செம்பட்டை, தாடிக்காரன், பொண்டாட்டிய அழச்சிக்கினு வர்றவன் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். விடுமுறைக்கு நான் போயிருக்கும்போது அத்தையும் மகனும் நானும் பாயில் உட்கார்ந்து பார்ப்போம். செம்பட்டை பின்னாலிருந்து வந்து நாற்காலியால் அடித்தால், அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுவாள். "எல்லாம் டூப்பு. இதப் போய் வாயைப் பொளந்துக்கினு பார்க்கறியே" என்று அப்பா கிண்டல் செய்வார். "டூப்போ டாப்போ, விழறவனுக்கு முதுகு நெஜந்தானே" என்பாள். அந்த வயதில் எனக்கு அது வெறும் எதிர்வாதமாகத்தான் கேட்டது.

மகன் அவள் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தே வளர்ந்தான். செவிலிமேட்டுப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்து கழுத்தும் தோளும் தடித்தான். பிறகு ஒரு தனியார் டிவி, நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே தமிழில் மல்யுத்த நிகழ்ச்சி தொடங்கியபோது அதில் இடம் பிடித்தான். காளை ஒன்றின் பெயரை அவனுக்குச் சூட்டினார்கள். ஒளிபரப்பாகும் ஞாயிறுகளில் அத்தை வீட்டுக் கூடத்தில் தெருவே வந்து உட்காரும். டிவியில் அவன் பிரமாண்டமாக இருப்பான். ஒவ்வொரு குத்துக்கும் மேளம் அதிரும், விழும்போது மூன்று பக்கத்திலிருந்தும் நிதானமாகக் காட்டுவார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெருமையில் அழுவாள். எங்கே எப்படி விழுவது என்பதையெல்லாம் முன்பே பேசி வைத்துத்தான் சண்டை போடுவார்கள் என்று அவன் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். வீட்டில் பாயை விரித்து விழுந்தும் காட்டினான். "தாடைய மார்போட ஒட்ட வெச்சிக்கணும்மா. அப்ப தலைல அடி படாது" என்று சொல்லிக்கொடுத்தான். அதைக் கேட்டபிறகு அத்தைக்கு இருந்த கொஞ்சநஞ்ச பயமும் போய்விட்டது.

படப்பிடிப்பு சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் நடக்கும். தன் சண்டை ஒன்றுக்கு ஊர்க்காரர்கள் கூட்டமாக வர வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான். அந்தத் தெருவில் அழைப்பு என்றால் அழைப்புதான். யார் வீட்டுத் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டினாலும், கூப்பிட்ட குரலுக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து இழை பிடிப்பார்கள். அப்படித்தான் இதற்கும் தறியை நிறுத்திவிட்டு வேனில் ஏறினார்கள். நானும் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கிளம்பும் முன் அவன் வேனுக்குள் ஏறி எல்லாரையும் பார்த்துச் சொன்னான்: "இன்னிக்கு நான் தோக்கற மாதிரி மேட்ச்சு. கொஞ்ச நேரம் எழுந்திருக்காம கெடப்பேன். யாரும் பயந்து அழுவக் கூடாது. நீங்க அழுதா எனக்குச் சிரிப்பு வந்துடும். நல்லா கை தட்டுங்க, அது போதும்." எல்லாரும் தலையாட்டினோம்.

நேரில் பார்ப்பதும் டிவியில் பார்ப்பதும் ஒன்றல்ல என்பது உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. டிவியில் ஒரு சண்டை முடிந்ததும் அடுத்தது வந்துவிடும். இங்கே ஒவ்வொன்றுக்கும் நடுவில் விளக்கைத் திருப்பினார்கள், கயிற்றை முறுக்கினார்கள், துணியில் இருந்த கறையைத் துடைத்தார்கள். அது என்ன கறை என்று யாரும் கேட்கவில்லை. தைல நெடி மூக்கில் ஏறியது. மல்லர்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடிக்கும்போது காதோடு ஏதோ பேசிக்கொண்டது முன்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு ஒத்துக்கொள்ளாதது சத்தம்தான். டிவியில் அடி விழுந்தால் மேளம் கேட்கும். இங்கே மேளம் இல்லை. துணிக்கு அடியில் இருந்த பலகையில் ஓர் உடம்பு வந்து விழுகிற சத்தம் மட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் மூச்சு வெளியேறுகிற சத்தம். முதல் சண்டையிலேயே அத்தையின் சிரிப்பு அடங்கிவிட்டது. "டிவில இது கேக்கவே கேக்காதேடி" என்றாள். எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவன் சண்டை இன்னும் வரவில்லை, அதனால் உட்கார்ந்திருந்தேன்.

அவன் வந்தான். டிவியில் பார்த்ததைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். எதிராளி அவனைத் தலைக்கு மேல் தூக்கி முதுகு படும்படி போட வேண்டும், அதுதான் பேச்சு. தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. இவன் பிடரியும் தலையுமாகப் போய் விழுந்தான். மற்றவர்கள் விழுந்தபோது வந்த சத்தத்தில் பாதிகூட வரவில்லை. எங்கள் தெருவே எழுந்து கை தட்டியது. அத்தையும் தட்டினாள். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் விசும்ப, "அழுவாத, அவந்தான் சொன்னான் இல்ல, கை தட்டு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் அதட்டினார்கள். எதிராளிக்கே ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, அவன் கயிற்றின் மேல் ஏறிக் கையை உயர்த்திக் கர்ஜித்தான். கூட்டம் கொட்டகை அதிர ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்தில் அத்தையின் கை நின்றது. "தாடை ஒட்டலடி" என்றாள். பார்த்தேன். அவன் தலை ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது.

அடுத்த நொடி அவள் ஓடிக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்றவர்கள் தடுப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். இதுவும் பேசி வைத்ததுதான் என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின. "இதோ, பெத்த தாய் மேடைக்கு வர்றாங்க!" என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்தினார். கயிற்றில் அவள் புடவை மாட்டிக்கொள்ள, ஒருவர் பவ்யமாகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து உள்ளே விட்டார். அவனுடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன், எம் புள்ளயப் பாருங்களேன்" என்று நான்கு பக்கமும் திரும்பிக் கத்தினாள். அவள் வாயசைவுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. நான் பின்னால் ஓடினேன். "மேடம், அவங்க மட்டுந்தான்" என்று என்னைத் தடுத்து நிறுத்தினார்கள். கடைசியில் நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து உயர்த்தி, நிஜமாகவே அடிபட்டிருக்கிறது என்று சைகை காட்டினார். அதன் பிறகுதான் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள்.

ஆம்புலன்ஸில் கண் விழித்தான். "மேட்ச்சு ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டான், திரும்பவும் கேட்டான். அன்று காலை வேனில் ஏறிப் பேசியதுகூட அவன் நினைவில் இல்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் இன்னொரு அடி தலையில் பட்டால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார், மேடைப் பக்கமே போகக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்த பிறகு வெளிச்சம் பட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அந்த இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அத்தை ஊட்டிவிட்டாள். அவன் உயிரோடு திரும்பினானே, அது போதும், இனி இந்த வேலை வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவனும் அப்போது எதிர்த்துப் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து அந்தச் சண்டை ஒளிபரப்பானது. வழக்கம்போலத் தெரு கூடியது. விழுந்ததை இடி முழக்கத்தோடு திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். ஊர்ச்சனம் வாயில் கை வைத்துப் பதறியது. அதில் நானும் இருந்தேன், வெறும் மேடையைப் பார்த்து நடித்துக் கொடுத்த என் பயத்தோடு. கை தட்டிய ஒருவரையும் காட்டவில்லை. பிறகு அத்தை மெல்ல, மிக மெல்ல ஓடி வந்தாள். அவள் கத்தல் இருந்த இடத்தில் வயலினும் ஒரு தாலாட்டு முனகலும் வந்தன. மடியில் தலையை எடுத்து வைத்தாள். அவன் முகம், அவள் முகம், மறுபடியும் அவன் முகம். சட்டென்று அவன் எழுந்து நின்று கையை உயர்த்தினான். பழைய சண்டை ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் காட்சியில் அத்தை இல்லவே இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

அவன் அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "இன்னாமா, இந்த நடிப்பு நடிச்சிருக்கே!" என்றான். "நடிக்கலடா" என்றாள். அவன் சிரித்தான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ எழுந்திருக்கவே இல்ல. உன்னத் தூக்கிக்கினு போனாங்க. நான் கூடவே வந்தேன்" என்றேன். அவன் கைப்பேசியில் அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இத பாருக்கா. எழுந்து நிக்கறேனா இல்லியா?" அந்த நாளைப் பற்றி அவனிடம் இருந்ததெல்லாம் அது ஒன்றுதான். எங்களிடம் இருந்தது வெறும் வாய்ப்பேச்சு. சாட்சிக்கு நான் தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னோடு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள். "ஆமா, கடசில எழுந்தான் இல்ல?" என்றார் ஒருவர். "எழுந்தான், எழுந்தான்" என்றார்கள் மற்றவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. 

அந்த வாரமே டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். அம்மா வந்த காட்சியை மக்கள் கொண்டாடுகிறார்கள், இனி மகன் வருகிற சண்டைகளில் அம்மாவும் வர வேண்டும், காஞ்சிபுரம் என்று தெரிகிற மாதிரி பட்டுப்புடவை கட்டி வரட்டும் என்றார்கள். அத்தை முடியாது என்றாள். மகனையும் போகாதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "நீ வந்தாலும் வராட்டியும் நான் போவேம்மா" என்றான். தலைவலி இன்னும் இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டுதான் சொன்னான்.

இப்போது அவள் போகிறாள். அவன் விழுந்ததும் ஓடிப் போய்த் தலையை மடியில் எடுக்க வேண்டும். அவள் முந்தானை கேமராவை மறைக்கும்போது அவன் ஒரு கண்ணைச் சிமிட்டுவான். நல்லாத்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகு அவள் நான்கு பக்கமும் திரும்பிக் கத்துவாள். நான் ஒளிபரப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். போன வாரம் அவளைப் பார்க்கப் போனபோது பட்டுப்புடவையோடு வேனுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருத் தறியில் நெய்ததல்ல, டிவிக்காரர்கள் கடையில் வாங்கிக் கொடுத்தது. "ஏன் அத்தை இதுக்கு ஒத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"நான் போவலன்னா மட்டும் அவன் நின்னுடுவானாடி? பக்கத்துலயாச்சும் இருக்கறேன்" என்றாள். வேன் வருகிறதா என்று தெருமுனையை எட்டிப் பார்த்தாள். "சிமிட்டறதுக்கு இப்பல்லாம் கொஞ்சம் லேட்டாவுது. நான் குனிஞ்சிக்கினு காத்துக்கினே இருக்கறேன். என்னிக்காச்சும் ஒரு நாளு சிமிட்ட மாட்டான். அன்னிக்கும் நான் இதே மாதிரி தான் கத்துவேன். எனக்கு வேற மாதிரி கத்தத் தெரியாதேடி."