அக்காவின் எண்

அக்கா இறந்து ஓராண்டு கழித்துத்தான் சின்னவள் அவளுடைய தடித்த வெப் டிசைன் புத்தகத்தைத் திறந்தாள். துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கியவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று வேண்டியிருந்தது. பக்க ஓரமெல்லாம் அக்காவின் பென்சில் எழுத்து. "இங்க அடைப்புக்குறிய மூட மறந்துடுவ" என்று ஓரிடத்தில் இருந்தது. சின்னவள் அப்போதுதான் மறந்திருந்தாள். அதன்பின் அச்சை விட்டுப் பென்சிலையே நம்பினாள்.

எட்டு மாதத்தில் தன் பெயரில் ஓர் இணையதளம் செய்து, வேலை கேட்டு ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். பத்து நாளாகப் பதில் இல்லை.

பதினோராம் நாள் காலை, அலமாரிக்குள், அம்மா இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்த அக்காவின் போன் அடித்தது.

"மூணு நாளா அடிக்குதுடி," என்றாள் அம்மா, கையில் சார்ஜரோடு. "எடுத்தா நின்னுடுமேன்னு விட்டுட்டேன்."

"யாரும்மா கூப்பிடுவாங்க அவள?"

சின்னவளே எடுத்தாள்.

"வேலை கேட்டிருந்தீங்களே, உங்க வெப்சைட்ல இருந்த நம்பருக்குத்தாங்க கூப்பிடுறோம். இன்னைக்கும் எடுக்கலன்னா வேற ஆளப் போட்டிருப்போம். திங்கக்கிழமை வந்துடுறீங்களா?"

"வரேங்க," என்றாள். குரல் அக்காவுடையதைப் போலவே வந்தது.

புத்தகத்தில் அச்சாகியிருந்த மாதிரி எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு அக்கா தன் எண்ணை எழுதியிருந்தாள். சின்னவள் யோசிக்காமல் தன் தளத்தில் அதையே தட்டியிருக்கிறாள். திருத்த உட்கார்ந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"அது இருந்தா உனக்கென்னடி?"

சின்னவள் அதை அழிக்கவில்லை. கீழே தன் எண்ணையும் சேர்த்தாள்.