பஞ்சைக் கடித்த ஒரு மணி நேரம்

பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்த என் ஞானப்பல்லை அடையாறு டாக்டர் ஒருவழியாகப் பிடுங்கினார். “பஞ்சை நல்லா கடிச்சுக்கோங்க. ஒரு மணி நேரம் பேசவே கூடாது” என்றார். கூட வந்த என் கணவர் சிரித்தார்.

மயிலாப்பூர் வீட்டில் நுழைந்ததுமே மாமியார் ஆரம்பித்தார். “நாங்கள்லாம் கிராம்பை வச்சுண்டு பொறுத்துண்டோம். இவளுக்கு எல்லாத்துக்கும் டாக்டர்.”

வழக்கமாகச் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பேன். அன்று பஞ்சைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முதல்நாள் நான் வைத்த ரசத்தைக் குறை சொன்னார், என் பிறந்த வீட்டை இழுத்தார். பதிலே வராததால் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் டிவி சீரியலை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏதாவது சொல்லேன்டி. ஆத்துல என்னமோ மாதிரி இருக்கு.”

அத்தனை வருஷமும் சண்டை போடுவதாகத்தான் நினைத்திருந்தேன். அவருக்கு அது பேச்சுத்துணையாக இருந்திருக்கிறது.