கொண்டையோடு அளந்த உயரம்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தராசைத் தூக்கிக்கொண்டு போகிற நர்ஸ் வேலை எனக்கு, இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்; எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் என்னைக் கண்டாலே பிள்ளைகள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். தராசில் ஏறும்போது நீங்களும் மூச்சை அடக்கிப் பார்த்தவர்தானே!

போன் சொன்ன தீர்ப்பு

பத்து வயது தர்ஷினியை அவள் அம்மா புஷ்பா அக்கா கையைப் பிடித்து, பள்ளியில் நான் எடை பார்க்கிற அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை பார்க்கிறவர். பிள்ளையின் எடையையும் உயரத்தையும் வீட்டிலேயே பார்த்து, போனில் பி.எம்.ஐ. கணக்குப் போட்டிருக்கிறார். எடை போதாது என்று சிவப்பில் காட்டிவிட்டதாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் இரண்டாம் தட்டுச் சோறு. பிள்ளை அழுதுகொண்டே விழுங்குகிறாள். போதாததற்கு, பள்ளி தீபாவளி விழாவில் ஆடக்கூடாது என்று தடை. மாதக்கணக்கில் பழகிய நடனம். விழாவோ வருகிற சனிக்கிழமை. ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன்.

"ஆடினா இருக்கிற சதையும் கரைஞ்சிடும் லா, மிஸ்ஸி."

நாலு விரல்

தடை போட்ட பிறகும் தர்ஷினி நடனக் கொண்டையை விடவில்லை. உச்சந்தலையில் கோபுரம் மாதிரி நின்றது. அவிழ்க்கச் சொல்லி உயரம் பார்த்தேன். அக்கா சொன்னதில் நாலு விரல் உயரத்தைக் காணோம்! நடன வகுப்பு முடிந்து வந்த கையோடு கதவோரம் நிறுத்தி, கொண்டைக்கு மேலே கோடு போட்டிருக்கிறார். உயரம் கூடினால் பி.எம்.ஐ. குறையத்தானே செய்யும்?

போன் வேறு பெரியவர்களுக்கான அட்டவணையைக் காட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வயது என்ன, ஆணா பெண்ணா என்று பார்த்து, வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கவேண்டும். வைத்தேன். போன வருஷம் போன அதே கோட்டில், நடுவாக வந்து உட்கார்ந்தது. பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறாள், ஆடட்டும் என்றேன். அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கிவிட்டது. சரி, ஆடட்டும் என்று தலையாட்டினார். தர்ஷினிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை.

"மிஸ்ஸி, இப்ப கொண்டையைத் திரும்பப் போட்டுக்கலாமா?"

சனிக்கிழமை

கூப்பிட்டார்கள், போனேன். முதல் வரிசையில் தர்ஷினி. என்ன ஆட்டம்! பிள்ளைகளை எண்ணாகவே பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு பிள்ளையை முழுசாகப் பார்க்கக் கிடைத்தது. மனசு நிறைந்துபோனது. அந்த அம்மா அன்றைக்குப் பயந்துபோய் ஓடி வந்தாரே, அதற்கு நான்தான் நன்றி சொல்லவேண்டும். அவரோ ஒரு டப்பா நிறைய வடையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"சாப்பிடுங்க மிஸ்ஸி, பிள்ளைங்க பின்னாடி ஓடி ஓடி நீங்கதான் இளைச்சுப் போயிட்டீங்க."

இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன ஒரே ஜீவன் அவர்தான் என்பதால், அந்தக் கணக்கை மட்டும் நான் திருத்தவில்லை.